சுழலும் தட்டில் ஒரு சந்தனப் பொட்டு

மஸ்கெலியாவுக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில் ஜெயந்தினியை ‘மோட்டார்க்காரி’ என்பார்கள். சிலர் பெருமையாகச் சொல்வார்கள், சிலர் வாயைக் கோணிக்கொண்டு சொல்வார்கள். யார் சொன்னாலும் அவள் “என்னாங்க?” என்று திரும்பிப் பார்ப்பாள்.

சாதாரணதரப் பரீட்சை எழுதிய கையோடு கட்டுநாயக்காவுக்கு, கார்மென்ட்ஸுக்குப் போனவள். மற்றப் பிள்ளைகள் தையல் மெஷினில் துணியைப் பார்த்தார்கள். இவள் மேசைக்கு அடியில் இருந்த மோட்டாரைப் பார்த்தாள். ஊசி தடித்த ஜீன்ஸ் மடிப்பில் ஏறினாலும் அது திணறவில்லை. ஏன்? பழுது பார்க்க வந்த மெக்கானிக்கை நச்சரித்துக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். மோட்டாரின் சுற்றை எண்ணிச் சொல்ல என்கோடர் என்று ஒரு உறுப்பு இருக்கிறது. சுற்று குறைகிறது என்று அது சொன்னால் மோட்டாருக்கு மின்சாரம் கூடும். கூடுகிறது என்றால் குறையும். அவ்வளவுதான் விஷயம்.

நிரஞ்சனைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குத் திரும்பியபோது அவளுக்காகக் காத்திருந்தது கொழுந்துக் கூடைதான். அதை எப்படியாவது இறக்கி வைத்துவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தாள். கொழும்பில் யாரோ ஒருவர் பொழுதுபோக்குக்கு வாங்கி, சலித்துப்போய்த் தள்ளிவிட்ட, இரும்பு கடையும் மேசை லேத் ஒன்று இருவருக்கும் கிடைத்தது. குழந்தைகள் இல்லாமல் பூட்டிக் கிடந்த பழைய பிள்ளைக்காம்பராவில், அதாவது தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தில், அதை வைக்கக் கோயில் கமிட்டி இடம் கொடுத்தது.

லேத் சும்மா ஓடும்போது நன்றாக ஓடியது. இரும்பைத் தொட்டதும் மூச்சு வாங்கியது. கீழே ஃபெக்டரியில் காற்றாடிகளைப் போட்டால் லயத்து வீடுகளின் லைட்டே மங்கும், லேத் எம்மாத்திரம்? ஜெயந்தினி கழித்துப்போட்ட தையல் மோட்டார் ஒன்றைக் கொண்டுவந்து பூட்டினாள். லேத்தின் சுழல்தண்டுக்குப் பின்னால், விளிம்பெல்லாம் வெட்டு விழுந்த ஒரு தகரத் தட்டைப் பொருத்தினாள். தட்டுக்கு ஒருபுறம் சின்ன விளக்கு, மறுபுறம் அந்த வெளிச்சத்தை உணரும் ஒரு மின்கண். தட்டு சுழலும்போது கண்ணில் வெளிச்சம் விட்டுவிட்டு விழும். அதை எண்ணி, வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்ன சர்க்யூட் போர்டு. அதற்குப் பிறகு இரும்பைக் கடித்தாலும் லேத்தின் சுருதி மாறவில்லை. கொழுந்து வெட்டும் கை மெஷின்களுக்குப் புஷ் வளையம் கடைந்து தரச் சொல்லி றொசல்லப் பக்கத்திலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். கூடையை இறக்கும் நாள் கண்ணுக்குத் தெரிந்தது.

அப்போதுதான் ஆயுத பூசை வந்தது.

அன்று அவளுக்கு மாதத் தூரம். லயத்தில் அதை ஒளிக்க முடியாது. சுவருக்கு அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் மருந்து சொல்வார்கள். “நீ பூசைக்கு வர வேணாம்மா” என்று சொல்லி அனுப்பினார் கமிட்டித் தலைவர் பழனியாண்டி. அவள் போகவில்லை. மறுநாள் விஜயதசமி. வேலை தொடங்க நல்ல நாள் என்று நிரஞ்சன்தான் கூப்பிட்டான். அவள் லேத்தின் கவ்வியான சக்கில் ஒரு இரும்புத் துண்டைப் பூட்டி, குறைந்த வேகத்தில் வைத்து, சுவிட்சைப் போட்டாள்.

மோட்டார் அலறியது. அவள் கை சுவிட்சுக்குப் போவதற்குள் இரும்பு சக்கை விட்டுப் பறந்து, நிரஞ்சனின் கன்னத்தைக் கிழித்து, ஜன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே விழுந்தது. இரண்டு விரல் மேலே போயிருந்தால் கண்.

நிரஞ்சனுக்குத் தையல் போட்டு ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வருவதற்குள் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. பிள்ளைக்காம்பரா வாசலில் கூட்டம்.

“தீட்டோட வந்து தொட்டிருக்கா. சாமி சும்மா விடுமா?” என்றார் பழனியாண்டி. “சாவிய குடு ஜெயந்தினி. இனிமே நீ இங்குட்டு வராத. நிரஞ்சன் பாத்துக்கட்டும்.”

“அவருக்குப் போர்டுல ஒரு வயரு கழண்டாகூடப் பூட்டத் தெரியாதுங்க மாமா.”

“தெரியாட்டி லேத்த வித்துருங்க. ஒரு உசுரு போனா யாரு பதில் சொல்றது?”

ஜெயந்தினிக்கு உடம்பு கொதித்தது. தீட்டாம்! அதே தூரத்தோடு அவள் காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போயிருக்கிறாள். மழையில் நனைந்த சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு மலை ஏறியிருக்கிறாள். அந்த நாளில் கொழுந்து குறைந்தால் கங்காணி ஏசுவாரே தவிர, தீட்டு என்று ஒருவரும் வீட்டுக்கு அனுப்பியதில்லை. அவள் பறித்த கொழுந்தை உலகமே குடிக்கிறது, பழனியாண்டி மூன்று வேளையும் குடிக்கிறார். தேயிலையில் ஒட்டாத தீட்டு மோட்டாரில் மட்டும் எப்படி ஒட்டும்? கூடையைச் சுமக்கும்வரை பெண் சுத்தம், கூடையை இறக்க நினைத்தால் அசுத்தம். இது என்ன நியாயம்?

அவள் விறுவிறுவென்று உள்ளே போனாள். லேத்துக்குப் பின்னால் தட்டை மூடியிருந்த தகர மூடியைக் கழற்றினாள்.

தட்டு நிறைய அப்பிய சந்தனம், நடுவில் குங்குமம். வெட்டுகள் பாதி அடைபட்டிருந்தன. சுழன்றபோது சிதறிய ஈரச் சந்தனம் கண்ணை முழுவதும் மூடியிருந்தது.

“இத யாரு வச்சது?”

நிரஞ்சன் கன்னத்துக் கட்டைத் தடவினான்.

“நான்தான் வச்சேன்” என்றார் பழனியாண்டி. “சாமி சக்கரம் மாதிரி பளபளன்னு இருந்துச்சு. பூசைப் பொட்டு கெடுதி செய்யுமா?”

“எல்லாரும் தள்ளி நில்லுங்க.”

சக்கில் எதுவும் பூட்டாமல் அதே குறைந்த வேகத்தில் சுவிட்சைப் போட்டாள். மறுபடி அதே அலறல். கூட்டம் வாசலுக்குப் பாய்ந்தது. நிறுத்தினாள். முந்தானையால் தட்டையும் கண்ணையும் துடைத்தாள். மறுபடி போட்டாள். லேத் பதமாக, பூனை உறுமுவது போல ஓடியது.

“கண்ண மூடினா அதுக்கு எண்ணத் தெரியல. நின்னுட்டோம்னு நெனச்சுக்கிட்டு இருக்குற பலத்தையெல்லாம் போட்டு ஓடுது. என் தீட்டு இப்பவும் என்கிட்டதான் இருக்கு மாமா. பொட்டுதான் போயிருச்சு. பூசைக்கு என்னைய வர விட்டிருந்தா அங்க பொட்டு வைக்காதீங்கன்னு சொல்லியிருப்பேன். சொல்லத் தெரிஞ்ச ஒருத்திய வெளிய நிப்பாட்டினது யாரு?”

பழனியாண்டி தொண்டையைச் செருமினார். “சரி, நடந்தது நடந்துபோச்சு. இருந்தாலும் அந்த மூணு நாளு மட்டும் நீ வராம இரு.”

“அப்ப அந்த மூணு நாளு எங்களுக்கு மலையிலயும் லீவு வாங்கிக் குடுங்க தலைவரே” என்று வாசலிலிருந்து குரல் கொடுத்தாள் பக்கத்து லயத்து நாகலெட்சுமி. “சம்பளத்தோட! நாளைக்கே கண்டாக்கு ஐயாகிட்டப் போயிக் கேளுங்க. நாங்க பின்னாலயே வர்றோம்.”

பெண்கள் சிரித்தார்கள். பழனியாண்டி சிரிக்கவில்லை. மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாவிடம் கேட்க அவருக்கு வாய் வராது என்பது எல்லோருக்கும் தெரியும். சட்டம் போட அவருக்கு அகப்படுவது பெண்டுகள்தான்.

“சாவி அவகிட்டயே இருக்கட்டும் மாமா” என்றான் நிரஞ்சன். தையல் இழுத்ததால் பேச்சு குழறியது. “நீங்க பாக்கணும்னு நான்தான் மூடியத் தொறந்து காட்டினேன்.”

பழனியாண்டி செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஜெயந்தினி புருஷனோடு பேசவில்லை. பேச வேண்டிய நேரத்தில் கன்னத்தைத் தடவிக்கொண்டு நின்றவன்தானே! மறுநாள் சாயங்காலம் அவனே கேட்டான்: “இன்னும் கோவமா?”

“கோவந்தான். இங்க வாங்க.”

போர்டில் அவள் புதிதாக ஒரு கட்டளை எழுதியிருந்தாள். முதலிலேயே எழுதியிருக்க வேண்டும் என்று தன் மேலும் அவளுக்குக் கோபம். லேத்தை ஓடவிட்டு, கண்ணுக்கு முன்னால் ஒரு அட்டைத் துண்டை நீட்டினாள். மோட்டார் சட்டென்று நின்றது.

“நின்னுருச்சே!”

“ஒண்ணும் தெரியலைனா நிக்கணும். மோட்டாருக்குச் சொல்லிக் குடுத்தாச்சு.” அவள் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். “மாமாவுக்கும் ஒரு போர்டு பூட்டலாம், எங்க பூட்டுறதுன்னுதான் தெரியல.”

நிரஞ்சன் சிரித்தான். தையல் இழுத்தது. “ஐயோ” என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் சிரித்தான்.