சுவருக்குள் போன வயர்

அப்பு, நீ சீலிங்கில் வைத்த ஸ்பீக்கர்களுக்கு இன்று கோட்டாற்றில் ஆம்ப்ளிஃபையர் வாங்கினேன். உன் முதலாண்டுப் பூசைக்குள் அவை பாடிவிட வேண்டும்.

போனிலிருந்து வைஃபையில் பாட்டு பாடுமாம். இருந்ததில் விலை குறைந்தது அதுதான்.

"யக்கா, ஸ்பீக்கர் வயரெல்லாம் எந்தச் செவத்துல வந்து நிக்கி?" என்று கேட்டார் கடைக்காரர்.



புது வீட்டை மந்திரிக்க ஃபாதர் வருகிறார் என்று, "செவத்துல ஒரு ஓட்டையும் தெரியப்பிடாது" என்று கொத்தனாரிடம் சொன்னவள் நான்தான். வயர் நின்ற ஓட்டையையும் அவர் பூசிவிட்டார்.

நீ துபாயிலிருந்து வந்து பார்த்துச் சிரித்தாய். "நல்லா பூசிட்டியம்மா. கெடக்கட்டு, அடுத்த லீவுல ஆம்ப்ளிஃபையர் கொண்டாந்து நானே தொறக்கேன்."

அடுத்த தடவை உன்னைப் பெட்டியில் கொண்டுவந்தார்கள்.

"எடம் தெரிஞ்சா சின்னத் துளை போதும்க்கா. இல்லேன்னா செவத்தையெல்லாம் கொத்தணும்" என்றார் கடைக்காரர்.

சாயங்காலம் முழுக்க ஒவ்வொரு சுவராகத் தட்டிப் பார்த்தேன். எல்லாம் ஒரே சத்தம்தான். பூசிய கொத்தனாருக்கும் இடம் நினைவில்லையாம். நல்ல வேலைக்காரர், யாருக்காவது வேண்டுமென்றால் நம்பர் தருகிறேன்.

எந்தச் செவத்துல மக்கா வச்சிருக்க?