விசாரணை அறை வாசலில் என் ஷூ

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரச் சொன்னார்கள். அடையாறில் ஒரு மனநல மருத்துவமனை; மறுஆய்வு வாரியம் அன்று அங்கேதான் கூடியது. என் அண்ணன் சேகரை இன்னும் உள்ளேயே வைத்திருப்பதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்யும் விசாரணை. அதற்காகவே இங்கிலாந்தில் லீட்ஸிலிருந்து வந்திருந்தேன். ஷூ லேஸை அவிழ்க்கும்போதே சந்தேகம் வந்துவிட்டது. வெறுங்காலோடு நின்றால் வாயும் அடங்கும் என்று கணக்குப் போடுகிறார்களோ?

லீட்ஸில் நான் நர்ஸ். அங்கே இதற்கு டிரிப்யூனல் என்று பெயர். நீதிபதி, டாக்டர், வெளியாள் ஒருவர் என மூவர் இருப்பார்கள்; நோயாளிக்கு இலவசமாக வக்கீல் உண்டு. முதல் தடவை போனபோது, பதில் சொல்லத் தயங்கிய ஒரு வயதான நோயாளிக்காக நானே பதில் சொன்னேன். நீதிபதி சிரித்தபடி "தேங்க் யூ" என்றார். பாராட்டுகிறார் என்று நினைத்து மேலும் பேசினேன். அந்த 'தேங்க் யூ'வுக்கு 'போதும், நிறுத்து' என்று அர்த்தம் என்பதை வக்கீல்தான் பிறகு விளக்கினார்.

இங்கேயோ எனக்கு யார் மேலும் நம்பிக்கையில்லை. காலையில் அண்ணி மல்லிகா டாக்டரிடம் ரகசியக் குரலில் பேசிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டார். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? மயிலாப்பூர் வீடு இன்னும் அப்பா பெயரில் இருக்கிறது. அண்ணன் உள்ளேயே கிடந்தால் யாருக்கு லாபம்?

உள்ளே வாரியத்தின் தலைவரம்மா அண்ணனைப் பார்த்து, "நல்லா தூங்குறீங்களா?" என்றார்.

"தூங்குறாரு மேடம்" என்றேன் நான்.

"மாத்திரை?"

"ஒழுங்கா போடுறாரு."

"தேங்க்ஸ்மா" என்றார். இந்த முறை புரிந்தது. ஆனாலும், என் வாயை அடைக்கப் பார்க்கிறார்களே என்ற கோபத்தில் தொடர்ந்தேன்.

அண்ணன் தலைநிமிர்ந்தான். "மேடம், என் தங்கச்சி வெளிய இருக்கட்டும். இது இருந்தா நான் பேசமாட்டேன். போன்லயும் இன்னா துன்ன, யாரு இன்னா சொன்னாங்கன்னு போலீஸ் மாதிரி கேட்டுக்கினே கீது. மல்லிகா இருந்தா போதும்."

வெளியே வந்து, கழற்றிய செருப்புகளின் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெளிநாட்டிலிருந்து இப்படி ஓடி வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: அந்த அறையில் கேள்வி நமக்கில்லை, நோயாளிக்குத்தான்.

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. "வூட்டுக்குப் போலாம்னுட்டாங்க" என்று அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மாத்திரைய எப்டி குடுக்கணும்னு காலையிலயே டாக்டராண்ட கேட்டுக்கினேன்."

குனிந்து ஷூவை மாட்ட ஆரம்பித்தேன். அண்ணன் ரப்பர் செருப்பில் காலை நுழைத்தான்.

"நீ மெதுவா கட்டிக்கினு வா. நாங்க ஆட்டோ பாக்குறோம்."

நிமிர்ந்தபோது இருவரும் கேட்டைத் தாண்டியிருந்தார்கள். எனக்கு இன்னும் ஒரு கால் பாக்கியிருந்தது.