பதினோராவது கேள்வி

பெலிக்ஸ் அண்ணனை மிஞ்சிய விண்ணப்பம் இந்த ஜில்லாவிலேயே கிடையாது என்று பெலிக்ஸ் அண்ணனே சொல்லிக்கொள்வார். திண்டுக்கல் தாலுகா ஆபீசுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் மிஷின், ஒரு கம்ப்யூட்டர், இருபது வருஷ அனுபவம். வந்தவர் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பாதி ஃபாரத்தை நிரப்பிவிடுவார். நுணலும் தன் வாயால் கெடும் என்பதுதான் அவருக்கு வேதம். கேட்காததைச் சொல்லாதே, கேட்டாலும் குறைத்துச் சொல்.

அப்பேர்ப்பட்ட மனுஷரை மலைக்க வைத்தவள் நாகஜோதி.

நிலக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். வயது இருபத்து மூன்று. பிளஸ் டூ முடித்த கையோடு கல்யாணம், இருபதில் ஒரு மகள், இருபத்தொன்றில் நாலுவழிச் சாலையில் லாரி மோதி புருஷன் போய்விட்டான். அரசாங்கம் மாதாமாதம் தரும் விதவை உதவித்தொகையிலும் விடியுமுன் மல்லிகை பறிக்கிற கூலியிலும்தான் அவளும் மகளும் அம்மா அய்யம்மாளும் சாப்பிட்டார்கள். அவள் வந்து நின்று, டவுன் காலேஜில் வேதியியலுக்கு இடம் கிடைத்திருக்கிறது என்றதும் பெலிக்ஸ் சிரித்துவிட்டார்.

"தபால்ல படி தாயி. பூவும் பறிச்ச மாதிரி, படிச்ச மாதிரி."

"லேபை எப்படிண்ணே தபால்ல அனுப்புவாங்க?"

"அப்ப வேற ஏதாச்சும் படி. அது என்ன வேதியியல்?"

நாகஜோதி பூ வாசம் போகாத தன் விரல்களைப் பார்த்தாள். "எங்க பூவ சென்ட் கம்பெனிக்கு அள்ளிட்டுப் போறாங்கண்ணே. பொழுது சாஞ்சா வாடிப்போற பூவு. ஆனா அந்த வாசம் பாட்டில்ல வருசக்கணக்கா இருக்கு. பூ செத்தும் வாசம் எப்படிச் சாகாம இருக்கு? அத நான் தெரிஞ்சுக்கிரணும்."

பெலிக்ஸ் நிமிர்ந்து பார்த்தார். சம்பளத்துக்காகப் படிக்க வந்தவர்களுக்கு எழுதியிருக்கிறார், மாப்பிள்ளைக்காகப் படிக்க வந்தவர்களுக்கு எழுதியிருக்கிறார். ஒரு வாசத்துக்காகப் படிக்க வந்தவளை அன்றுதான் பார்த்தார்.

முழுநேரம் கல்லூரிக்குப் போகிறவர்களுக்கு மூன்று வருஷக் கட்டணத்தையும் கட்டுகிற ஓர் அறக்கட்டளையின் விண்ணப்பத்தைக் கொண்டுவந்திருந்தாள். அது கிடைத்தால் காலேஜ். கிடைக்காவிட்டால் பூக்காடுதான். பெலிக்ஸ் பத்துக் கேள்விகளைப் பறந்து தாண்டினார். பதினோராவதில் விரல் நின்றது. 'அரசின் மாத உதவித்தொகை ஏதேனும் பெறுகிறீர்களா?'

"வாங்குறேண்ணே" என்றாள்.

"வாய மூடு! இதுவும் உதவித்தொகை, அதுவும் உதவித்தொகை. ஒரு ஆளுக்கு ரெண்டு உதவித்தொகை எவன் குடுப்பான்? 'இல்லை'ன்னு போடுறேன்."

"பொய்யில்லையாண்ணே?"

"பொய்யில்ல, பொழப்பு."

அவளும் தலையாட்டினாள். உதவித்தொகைக்கு விசாரிக்க ஆள் வருகிறார் என்றால் மிக்சியைச் சாக்குப் போட்டு மூடிவைக்கிற ஊர்க்காரி. இருப்பது தெரிந்தால் வருவது நின்றுவிடும் என்று பயந்தே வளர்ந்தவள். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள்.

மூன்றாவது வாரம் முடிவு வந்தது. 'நிராகரிக்கப்பட்டது. காரணம்: அரசு மாத உதவித்தொகை பெறாதவர்.' பெலிக்ஸ் மூன்று முறை படித்தார். மாத உதவித்தொகை வாங்குகிறவர்களுக்காகவே வைத்த பணமாம் அது! கேள்வி தட்டிவிடக் கேட்டதல்ல, சேர்த்துக்கொள்ளக் கேட்டது. நுணல் இந்தத் தடவை வாயைத் திறக்காமல் கெட்டது.

வெள்ளிக்கிழமை கட்டணத்துக்குக் கடைசி நாள். திங்கட்கிழமை வந்தவளிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, ரெண்டு வசவு வாங்கிக்கொள்ளலாம் என்று தலையைக் குனிந்து நின்றார். வசவு வரவில்லை.

"கையெழுத்து என்னுதுதானண்ணே. ஆபீசு எங்க இருக்கு?"

இருபது வருஷத்தில் முதல் முறையாக, பட்டப்பகலில் ஷட்டரை இறக்கிவிட்டு பெலிக்ஸ் கூடவே போனார்.

அறக்கட்டளை ஆபீசில் இஃப்பத் என்று ஓர் அம்மா. வங்கிப் பாஸ்புக்கைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மாசாமாசம் வருதே. அப்புறம் ஏம்மா 'இல்லை'ன்னு போட்டீங்க?" என்று கேட்டார்.

சர்வர் கோளாறு என்று சொல்ல பெலிக்ஸ் வாயெடுத்தார். அதற்குள் நாகஜோதி பேசிவிட்டாள்.

"பயத்துல போட்டேன் மேடம். வாங்குறேன்னு சொன்னா இது கெடைக்காதுன்னு நெனச்சேன். தப்புத்தான்."

போட்டேன் என்றாள். போடச் சொன்னார் என்று சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற மனுஷனை அவள் கண் தேடக்கூட இல்லை. பெலிக்ஸ் ஓரடி முன்னால் வந்தார். "நாந்தான் போட்டேன் மேடம், அந்தப் புள்ள இல்ல" என்று உளறினார்.

இஃப்பத் பெருமூச்சு விட்டார். "உங்கள மட்டும் சொல்லி என்ன? இந்த வருஷம் இந்த ஒரு கேள்வியில நாப்பத்தோரு பேர் விழுந்திருக்காங்க. சரி, இந்தாங்க, திருத்தி எழுதுங்க."

நாகஜோதி பேனாவை வாங்கினாள். எழுதவில்லை.

"அந்த நாப்பது பேரும் என்னய மாதிரி பயந்து போட்டவங்களா இருந்தா மேடம்?"

"இருக்கலாம். ஆனா இருக்கிற இடமே கொஞ்சம். அவங்களையும் கூப்பிட்டா மார்க் பார்த்துத்தான் குடுக்கணும். உங்களுக்கு உறுதி சொல்ல முடியாதும்மா."

எழுது தாயி, எழுதிட்டு வா என்று பெலிக்ஸ் மனசுக்குள் கெஞ்சினார். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாலே நாள். அவளுக்கும் அது தெரியும். பாஸ்புக்கின் ஓரத்தை ஒருமுறை தடவினாள்.

"கூப்பிடுங்க மேடம்" என்றாள். பிறகுதான் 'ஆம்' என்று திருத்தி எழுதினாள்.

அடேயப்பா! பெலிக்ஸ் தேவாலயத்தில் நிற்பவரைப் போல நின்றார். உதவி வாங்கித்தான் சாப்பிடுகிறாள் இந்தப் பெண். அவள் கொடுக்கிற கை எவ்வளவு பெரியது!

அடுத்த ரெண்டு நாளும் இஃப்பத் பக்கம் பாதி, பெலிக்ஸ் பக்கம் பாதி என்று பிரித்துக்கொண்டு போன் போட்டார்கள். சிறுமலையில் சிக்னல் கிடைக்காத ஒருவனுக்கு பஸ் கண்டக்டரிடம் சொல்லி அனுப்பினார் பெலிக்ஸ். எல்லோரிடமும் ஒரே பேச்சு: "உள்ளதச் சொல்லுங்கய்யா. இந்தத் தடவ உள்ளதச் சொன்னாத்தான் கெடைக்கும்." அவர் வாயிலிருந்தா இந்த வார்த்தை என்று பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

வியாழக்கிழமை பட்டியல் வந்தது. மேலிருந்து படிக்கத் தைரியமில்லாமல் பெலிக்ஸ் கீழேயிருந்து படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு முறை படித்தார். பிறகு போனை எடுத்தார்.

"தாயி, வந்துருச்சு! நீ இருக்க! உம் பேரு இருக்கு!"

அந்தப் பக்கம் பூ மார்க்கெட் இரைச்சல். அவள் மூச்சு வாங்குவது கேட்டது. அழுகிறாளோ என்று நினைத்தார். அவள் கேட்டாள்:

"நாப்பத்தோரு பேருல எம்புட்டுப் பேருண்ணே?"

பெலிக்ஸ் எண்ணியிருக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, விரலைத் திரையில் வைத்து, சத்தமாக எண்ண ஆரம்பித்தார்.