சுகுணா கூப்பிட்டு வைத்த கச்சேரி

மதியம் இரண்டு பதினேழு. ஆலையில் ஒரு பெரிய மோட்டாரின் மேல் குனிந்து, நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை பேரிங் மேல் ஊன்றி, பிடியைக் காதோடு வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். மெஷின் பராமரிப்பில் இருக்கிறவர்கள் பழுதை இப்படித்தான் கண்டுபிடிப்போம். அப்போது ஓர் அதிர்வு வந்தது. விட்டு விட்டு வந்தது. பேரிங் போய்விட்டது என்று நினைத்து மோட்டாரை நிறுத்தச் சொன்னேன். மோட்டார் நின்றது. அதிர்வு நிற்கவில்லை. அது என் சட்டைப் பையில் இருந்த போன்.

திருப்பதிக் கல்லூரியில் என் மனைவி சுகுணாவோடு கம்ப்யூட்டர் பாடம் எடுக்கும் ஆசிரியை பேசினார். "அண்ணா, மேடம் கிளாஸ்லயே விழுந்துட்டாங்க. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு வந்திருக்கோம். தொந்தரகா ரண்டி அண்ணா" என்றார். சீக்கிரம் வாங்க என்கிறார், பதற்றத்தில் தமிழ் பாதியில் தெலுங்காகிவிட்டது. "இப்போ எப்டி இருக்கா?" என்று கேட்டேன். அவர் அழ ஆரம்பித்துவிட்டார். சித்தூரிலிருந்து நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மூளையில் ரத்தக்குழாய் வெடித்ததாம். அதற்கு முன் தலைவலி என்றுகூட அவள் சொன்னதில்லை.

அந்த ஆசிரியைதான் இப்போது இதை உங்களுக்குப் படித்துக் காட்டப்போகிறார். மேடையில் நின்று படிக்க என்னால் ஆகாது. கச்சேரி நடக்கப்போகும் இந்தக் கல்யாண மண்டபத்தின் பின்னறையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இன்று இங்கே இரண்டு விதமான ஆட்கள் வந்திருக்கிறீர்கள். ஒரு பாதி, வடமாலபேட்டைப் பக்கத்திலிருந்து வேனில் வந்த சுகுணாவின் ஊர்க்காரர்கள். மறு பாதி, பெங்களூரிலும் சென்னையிலும் எந்த மூலையில் ஃப்ரீ ஜாஸ் கச்சேரி நடந்தாலும் தவறாமல் வந்துவிடுகிற பத்துப் பன்னிரண்டு பேர். ஊர்க்காரர்களுக்கு இந்தச் சங்கீதம் புதிது. மற்றவர்களுக்கு எங்கள் ஊர் வழக்கம் புதிது. இரண்டையும் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். சுகுணா இருந்தால் இன்னும் நன்றாகச் சொல்லியிருப்பாள்.

நாங்கள் இருவரும் திருப்பதியில் ஒரே வகுப்பில் படித்தோம். கம்பெனிகள் வரிசையாக வந்து ஆளெடுத்த காலம். நான் ஆலைக்குப் போனேன். அவள் சென்னையில் சாஃப்ட்வேர் வேலைக்குப் போனாள். அந்தக் கம்பெனி அவளைச் சில மாதங்கள் ஜெர்மனிக்கு அனுப்பியது. அங்கே ஒரு சாயங்காலம் பனி கொட்டிக்கொண்டிருக்க, டிராம் போய்விட, தரைக்குக் கீழே வெளிச்சம் தெரிந்த ஓர் அறைக்குள் இறங்கினாள்.

"ஹீட்டர் இருக்கும்னுதான் எறங்கினேன்" என்று என்னிடம் சொன்னாள். "உள்ள மூணு பேர் வாத்தியத்த வெச்சிக்கினு சண்ட போட்டுக்கினு இருந்தாங்க. ரொம்ப நேரம் கழிச்சிதான் புரிஞ்சிது, அது சண்ட இல்ல. எங்க ஊட்ல எல்லாரும் ஒரே நேரத்துல பேசுவாங்க, ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. இவங்க பேசிக்கினே கேக்கறாங்க."

ஃப்ரீ ஜாஸ் என்பது அவ்வளவுதான். எழுதி வைத்த மெட்டு இல்லை, பாட்டு இல்லை, இத்தனை நேரம் என்று கணக்கு இல்லை. ஒருவர் வாசிப்பதைக் கேட்டு அடுத்தவர் வாசிப்பார். அந்த அறையில் பிடித்தது அவளை விடவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு சென்னை வேலையை விட்டுத் திருப்பதிக் கல்லூரியில் பாடம் எடுக்க வந்தாள், கச்சேரிகளுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

நான் போன முதல் கச்சேரி பெங்களூரில். ஆள் உயரத்துக்கு வயலின் போல ஒரு வாத்தியம். அதற்குப் பேர் டபுள் பேஸ். தாடி வைத்த ஒருவர் அதன் அடித்தந்தியை வில்லால் இழுத்துத் தேய்த்தார். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "பேரிங்ல கிரீஸ் சுத்தமா இல்ல" என்று அவள் காதில் சொன்னேன். துப்பட்டாவை வாயில் வைத்து அழுத்தியும் அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. முன்வரிசை வேறு. கச்சேரி முடிந்ததும் நேராக அந்தத் தாடிக்காரரிடம் போய் நான் சொன்னதை ஆங்கிலத்தில் அப்படியே சொல்லிவிட்டாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. எந்த மாதிரி பேரிங் என்று விசாரித்தார்.

பஸ்ஸில் திரும்பும்போது பலமநேர் வரும்வரை அவள் பேச மாட்டாள். கேட்டது உள்ளே இறங்கிக்கொண்டிருக்கும். அன்று பலமநேர் பஸ் ஸ்டாண்டில் டீ வாங்கிக் கொடுத்த பிறகு சொன்னாள்: "நீ தப்பு சத்தத்தத் தேடிக் கண்டுபுடிச்சி சம்பளம் வாங்கறவன். இதுல தப்புன்னே ஒன்னு கெடையாது. அதான் உனக்குக் கை ஓடல."

அன்றிலிருந்து ஒவ்வொரு கச்சேரியிலும், முதல் கைதட்டல் அடங்கியதும், என் பக்கம் சாய்ந்து "இன்னிக்கி இன்னா ரிப்பேர்?" என்று கேட்பாள். "பெல்ட் லூசு" என்பேன். "வால்வு லீக்" என்பேன். ஒரு தடவை சென்னையில், "இன்னிக்கி எல்லாம் சரியா ஓடுது" என்று சொன்னேன். அவள் முகம் வாடிவிட்டது. "அப்போ வேஸ்ட்டு. எந்திரி போலாம்" என்றாள்.

அவளுக்கு இரண்டு பிடிவாதங்கள் இருந்தன. உங்களில் பலருக்குத் தெரியும். ஒன்று, வாசிக்க வந்தவர்கள் யாராக இருந்தாலும் சித்தூர் மாமிடி தாண்ட்ரா ஒரு பொட்டலம் கொடுத்துவிடுவாள். மாம்பழச் சாற்றை அடுக்கடுக்காக ஊற்றிக் காயவைத்த இனிப்பு அது. ஊதுகிறவர்களுக்குப் பல்லில் ஒட்டும் என்று எத்தனையோ தடவை சொன்னேன். "ஊதி முடிச்சிட்டு துன்னட்டும்" என்பாள்.

இன்னொன்று போன். வாசிப்பு தொடங்கும் முன் வரிசையில் இருக்கிற எல்லாரையும் போனை அணைக்கச் சொல்வாள். சத்தம் வராமல் வைத்தால் போதாது. யாராவது பதிவு செய்யப் பார்த்தால் திரும்பி ஒரு பார்வை பார்ப்பாள். "இன்னிக்கி வாசிச்சது இன்னிக்கே போவட்டும். ஊட்டுக்குக் கட்டிக்கினு போற சோறா இது?" என்று உங்களில் ஒருவரிடம் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. அவர் அன்றைக்கு அணைத்த போனை மறுநாள் மதியம்தான் திறந்தாராம்.

போன வருஷம், பெங்களூரில் வாசித்துவிட்டுச் சென்னைக்குப் போகவிருந்த அந்தத் தாடிக்காரரையும் அவருடைய இரண்டு கூட்டாளிகளையும் வழியில் பிடித்து, ஒரு சாயங்காலம் இதே மண்டபத்தில் வாசிக்க வைத்தாள். மண்டபத்து மேனேஜரிடம் அவள் பேசியதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"கல்யாணமா, சீமந்தமாம்மா?"

"ரெண்டும் இல்லீங்க. கச்சேரி."

"யார் பாடறாங்க?"

"பாட்டு இல்ல. மூணு பேர் வாசிப்பாங்க."

"இன்னா வாசிப்பாங்க?"

"அது வாசிக்கிறப்பதான் அவங்களுக்கே தெரியும்."

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "சார் இன்னா வேல பாக்கறீங்க?"

"மெஷின் மெயின்டனன்ஸ்."

"அப்போ சரி. எதுனா ஆச்சுன்னா நீங்க பாத்துப்பீங்க."

கச்சேரி அன்று காலையில் ட்ரம்ஸ் வாசிப்பவர் திருமலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு, தலையெல்லாம் சந்தனத்தோடு வந்து இறங்கினார். அதைப் பார்த்ததும் ஊர்க்காரர்களுக்கு அவர் மேல் மரியாதை வந்துவிட்டது. முன்வரிசையில் சுகுணாவின் அப்பா உட்கார்ந்திருந்தார். அவள் நைனா என்பாள், எனக்கு மாமா. கரும்பும் மாங்காயும் பயிர் வைக்கிறவர். ஆனால் ஊரில் அவரை வேறொரு காரியத்துக்கும் கூப்பிடுவார்கள்.

எங்கள் பக்கத்தில் யார் மேலாவது சாமி வந்தால், எதிரே ஒருவர் நின்று கேட்க வேண்டும். யார் வந்திருக்கிறது, என்ன குறை என்று கேட்டு, கற்பூரம் காட்டி, மலையேற்றி அனுப்ப வேண்டும். கேட்க ஆளில்லாமல் ஒருவரை அப்படியே ஆடவிடுவது பாவம் என்று நினைக்கிறவர்கள் நாங்கள். அந்தக் கேள்வியைக் கேட்பவர் மாமாதான்.

ரொம்ப நேரம் வரைக்கும் எல்லாம் சரியாகவே போனது. பிறகு சாக்ஸபோன்காரர் கண்ணை மூடிக்கொண்டார். முகம் சிவந்தது. உடம்பு முன்னும் பின்னும் ஆடியது. அந்தக் குழாயிலிருந்து வந்தது வாத்தியச் சத்தமாகவே இல்லை. ஒரு மனுஷி தொண்டை கிழியக் கத்துவது போலிருந்தது. மாமா எழுந்தார். பூ வைத்திருந்த தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்தார். சட்டைப் பையிலிருந்து கற்பூரம் எடுத்துக் கொளுத்தினார். மேடையில் ஏறினார்.

நான் பதறி எழுந்தேன். சுகுணா என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"யாரு வந்திருக்கறது?" என்று மாமா கேட்டார். "இன்னா கொறை? சொல்லிட்டுப் போ தாயே."

சாக்ஸபோன்காரர் கண்ணைத் திறந்தார். எதிரே ஒரு பெரியவரும் ஒரு தீயும். அவர் நிறுத்தவில்லை. தீயைப் பார்த்தபடியே வாசித்தார். கத்தல் மெல்ல இறங்கியது. ட்ரம்ஸ் நின்றது. டபுள் பேஸும் நின்றது. தீ சின்னதாக ஆக ஆக அவரும் சின்னதாக வாசித்தார். கற்பூரம் அணைந்தபோது வெறும் மூச்சுதான் குழாய்க்குள் போய் வந்துகொண்டிருந்தது. ஊர்க்காரர்கள் எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். மாமா அவர் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, "தண்ணி குடுங்கடா. பாத்துக்கினே இருக்கீங்க" என்று கீழே பார்த்து அதட்டினார்.

அவர் தண்ணீர் குடித்தார். திரும்பிக் கூட்டாளிகளைப் பார்த்தார். மறுபடியும் தொடங்கிவிட்டார்கள், முன்னைவிட வேகமாக.

மாமா இறங்கி வந்து மகளிடம், "இன்னாம்மா, மறுபடியும் வந்துடுச்சு?" என்றார்.

"அவருக்கு தெனமும் வரும் நைனா. அதான் அவரு வேல."

"தெனமுமா?" மாமா மேடையைத் திரும்பிப் பார்த்தார். "பொண்டாட்டி புள்ளங்க எப்டி சமாளிக்கறாங்க?"

சுகுணா அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை. கண்ணில் தண்ணீர் வழிந்தது. ஆனால் இரவு சாப்பாட்டின்போது அந்த சாக்ஸபோன்காரர் சிரிக்கவில்லை. இத்தனை வருஷ வாசிப்பில் யார் வந்திருப்பது என்று தன்னிடம் ஒருவரும் கேட்டதில்லை என்றார். அடுத்த வருஷமும் இதே மண்டபத்துக்கு வருவதாக அன்றே சுகுணாவிடம் சொல்லிவிட்டார். அவள் நாள் குறித்தாள். இன்றைய கச்சேரி அதுதான்.

அவள் போன பிறகு நடந்தவற்றில் சொல்ல அதிகமில்லை. ஊரில் எடுத்தோம். பறை அடித்தார்கள். நான் நடந்தேன், பறையின் சத்தம் பக்கத்துத் தெருவில் யார் வீட்டுக்கோ அடிப்பது போலிருந்தது. வேலைக்குத் திரும்பியதும் ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைத்தேன். சத்தம் வந்தது, நல்ல மோட்டாரும் கெட்ட மோட்டாரும் ஒரே மாதிரி கேட்டன. காது டாக்டர் பரிசோதித்துவிட்டுக் காதில் குறை இல்லை என்றார். மேலதிகாரி நல்லவர். கொஞ்ச நாளைக்கு ஸ்டோர் ரூமைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்.

போனை மட்டும் நான் அணைக்கவே இல்லை. குளிக்கும்போதுகூட எட்டும் தூரத்தில் வைத்துக்கொள்கிறேன். சார்ஜ் பாதிக்குக் கீழே இறங்கினால் பிளக்கைத் தேடி ஓடுகிறேன். அந்த இரண்டு பதினேழு அழைப்பு தப்பு என்று சொல்ல இன்னோர் அழைப்பு வரும் என்று உள்ளே ஏதோ உட்கார்ந்து காத்துக்கொண்டிருக்கிறது. வராது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அணைக்க முடியவில்லை.

அதனால் இந்தக் கச்சேரியை நிறுத்திவிடலாம் என்றுதான் நினைத்தேன். என்னால் கேட்கவும் முடியாது, சுகுணாவின் வரிசையில் போனோடு உட்காரவும் முடியாது. என் மாமியாரும் அதையே சொன்னார். "வருஷம் திரும்பல. அதுக்குள்ள மேளமா?"

மாமா ஒத்துக்கொள்ளவில்லை. "இது மேளம் இல்ல. நல்லதுக்கும் இல்ல, கெட்டதுக்கும் இல்ல. எதுக்கு வாசிக்கறாங்கன்னு அவங்களுக்கே தெரியாது. எம் பொண்ணு கூப்ட்டு வெச்ச ஆளுங்க. வாசல்லயே நிக்க வெச்சி அனுப்பறதா?"

அதோடு பேச்சு முடிந்தது. நேற்று நானே போய்த் தாண்ட்ரா வாங்கி வந்தேன். மூன்று பொட்டலம். பல்லில் ஒட்டும் என்று யாரிடமும் சொல்லவில்லை.

இன்று காலையில் மாமா என்னிடம் கேட்டார். "மாப்ளே, உக்காந்து கேட்டுடுவியா?"

"தெரியல மாமா. எதுவும் உள்ள போவ மாட்டேங்குது."

"போவாட்டி போவுது. நீ உக்காரு. எதுனா வந்தா வரட்டும். யாருன்னு நான் கேக்கறேன்."

அவர் சட்டைப் பையில் கற்பூரம் இருக்கிறது. இந்தத் தடவை மேடையைப் பார்க்கப்போவதில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

சுகுணாவின் புடவைகளை மாமியார் எடுத்துக்கொண்டார். புத்தகங்கள் கல்லூரிக்குப் போய்விட்டன. எனக்கென்று நான் வைத்துக்கொண்டது முன்வரிசையில் அவள் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியையும், இன்னிக்கி இன்னா ரிப்பேர் என்ற அந்தக் கேள்வியையும்தான். கேட்க ஆளில்லை. பதில் சொல்லும் வேலை என்னிடம் இருக்கிறது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் ட்ரம்ஸ்காரர் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இடது பக்கம் ஒரு தாளத் தகடு மற்றவற்றோடு சேராமல் தனியாக நடுங்குகிறது. மறுபடியும் தட்டுகிறார். ஆமாம். ஒரு திருகு லூசு, சுகுணா.

இந்தத் தாளை ஆசிரியையிடம் கொடுத்துவிட்டுப் போய் உட்காரப்போகிறேன். போனை அணைத்துவிட்டேன்.