புளி போட்டுத் தேய்த்த கோச்சி மணி

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஆறு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தேன். ஆறில் ஒன்றுகூடப் பிறர் பொருளில் கை வைத்ததில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான். அந்த வாயால்தான் என் மருமகனைக் கள்ளன் என்றேன்.

எங்கள் சாமியறையில் ஒரு கைமணி இருக்கிறது. கோயில் மணி அல்ல, கோச்சி மணி, ரயில் மணி. என் வீட்டுக்காரர் ரயில் ஸ்டேசனில் போட்டராக இருந்தவர். கோச்சி வரப்போகிறது என்று சனங்களுக்கு அறிவிக்க இதைத்தான் அடிப்பார். கழித்துவிட்ட சாமான்களை ஏலம் போட்ட நாளில் இதை எடுத்துக்கொண்டு வந்தார். அவர் போன பிறகு நான் அதைச் சாமிக்கு வைத்தேன். வெள்ளிக்குவெள்ளி புளியும் சாம்பலும் போட்டுத் தேங்காய்த் தும்பால் தேய்ப்பேன். முகம் பார்க்கலாம், அவ்வளவு மினுக்கம்.

போன ஆனி மாதம் கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார். பழைய கோச்சிச் சாமான் சேர்க்கிறவர். எங்கள் களுவாஞ்சிக்குடியில் இப்படி ஒரு மணி இருக்கிறதென்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். விற்கிற எண்ணம் எனக்கில்லை, படம் எடுக்கத்தான் கேட்டார். பெருமை காட்ட வேண்டுமென்று அடுத்த வீட்டுக்காரியையும் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தேன்.

அவர் மணியை எடுத்து, பூதக்கண்ணாடி வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“அம்மா, குறை நினைக்காதீங்க. இது போலி மாதிரித் தெரியுது. ஒறிஜினல்ல ரயில்வே எழுத்த அடிச்சு இறக்கியிருப்பாங்க, தடவினா விரலுக்குத் தெரியும். பிடிக்கிற இடம் மட்டும்தான் தேஞ்சிருக்கும், இடுக்கில கறுப்பு ஏறியிருக்கும். இதில எழுத்துமில்ல, கறுப்புமில்ல. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி. அலங்காரத்துக்கு இப்படிச் செஞ்சு விக்கிறாங்க.”

அடுத்த வீட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “அப்ப இவ்வளவு காலமும் போலியயா ஆட்டிக் காட்டினீங்க, மச்சாள்?”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இரண்டு வருடத்துக்கு முன் மணியின் நாக்கு கழன்று விழுந்தபோது, ஓட்டோ ஓட்டுகிற என் மருமகன்தான் அதை மட்டக்களப்புக்குக் கொண்டுபோய்ப் பூட்டிக்கொண்டு வந்தார். வந்தவர் இதைச் சொன்ன நேரம் மருமகன் முற்றத்தில் ஓட்டோவின் சில்லைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் அவருக்குக் கேட்க, மகளிடம் சொன்னேன்:

“கேளுகா உன்ட புருசனிட்ட. நாக்குப் பூட்டக் கொண்டுபோனது ஒண்டு, கொண்டுவந்தது ஒண்டா? கள்ளனுக்கா நான் சோறாக்கிப் போடுறன்?”

“அம்மா!” என்றாள் மகள்.

மருமகன் கை கழுவிவிட்டு உள்ளே வந்தார். யாரையும் பார்க்கவில்லை. திருநீறு கொஞ்சம் எடுத்து மணியின் வயிற்றில் தூவி, பெருவிரலால் மெதுவாகத் துடைத்தார். மூன்று எழுத்துகள் வெள்ளையாக நின்றன. இங்கிலீசு எழுத்து. எனக்கு வாசிக்கத் தெரியாது, ஆனால் முகம் தெரியும். முதலாவது அரிவாள் மாதிரி, இரண்டாவது கொக்கி வைத்த அரிவாள், மூன்றாவது பாதிதான் மிச்சம். வந்தவர் திரும்பவும் கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

“ஒறிஜினல்தான். இப்படித் தேச்சு வெச்சா எந்தக் கண்ணுக்குத்தான் தெரியும், அம்மா?”

மருமகன் மகளிடம் சொன்னார்: “மாமியிட்டச் சொல்லு. மணிய ஆரும் களவெடுக்கல்ல. அவட புளிதான் எழுத்தக் களவெடுத்திரிக்கு.”

அப்போதாவது நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். “அப்ப இத முதலே வந்து காட்டியிருக்கலாமே” என்றேன். கள்ளன் என்றதைவிடச் சின்னத்தனமான பேச்சு அது.

அன்றிலிருந்து என் மருமகன் நான் ஆக்கிய சோற்றைத் தொடுவதில்லை. முன்பெல்லாம் ஆற்று மீன் ஆணம் வைத்த நாளில், “மாமி வெச்சதா?” என்று கேட்டுத்தான் உட்காருவார். இப்போது டவுனில் சாப்பிட்டுவிட்டேன் என்கிறார். கோபமாக ஒரு சொல் இல்லை. கிளினிக் நாளில் என்னைக் கைபிடித்து ஏற்றி, கைபிடித்து இறக்குகிறார். ஏசினாலும் தாங்குவேன்.

மகளுக்கும் சொல்லாத ஒன்று இருக்கிறது. வந்தவர் மணியைத் தூக்கியபோது அது ஒருமுறை அடித்தது. என் வீட்டுக்காரர் ஸ்டேசனில் அடித்த காலத்திலிருந்து நான் கேட்கிற அதே சத்தம். மணி மாறவில்லை என்று என் காதுக்கு அப்போதே தெரியும். தெரிந்துகொண்டுதான் மருமகனைக் கள்ளன் என்றேன். அடுத்த வீட்டுக்காரி சிரித்த சிரிப்பை யார் தலையிலாவது இறக்க வேண்டியிருந்தது.

நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருந்த பேத்தி, மருமகனின் மகள், இந்த இடத்தில் பேனையை நிறுத்தினாள்.

“அம்மம்மா, இதையும் எழுதவா?”

“எழுதுகா.”

எழுதிவிட்டாள். வெளியே ஓட்டோ வந்து நிற்கிறது. மருமகன் கிணற்றடியில் முகம் கழுவுகிறார். அவர் முன்னால் நின்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

“இப்ப வாசி, புள்ள. முதல்ல இருந்து வாசி. ஒண்டையும் விடாத. கொப்பாக்குக் கேக்கோணும், சத்தமா வாசி.”