பீப் கேட்டா அழுத்துங்க

ஹை-ஃபை ஸ்பீக்கர் விற்கிறவனுக்கு மூலதனம் என்பது கடை இல்லை, காது. கருவடிக்குப்பத்தில் என் கடைக்கு வருகிறவர்கள், நான் கண்ணை மூடித் தலையைச் சாய்த்து, "ம், இதுதான் சவுண்டு" என்று சொன்ன பிறகுதான் பர்ஸைத் திறப்பார்கள். அந்தக் காது கொஞ்ச காலமாக எனக்கு டிமிக்கி கொடுத்துக்கொண்டிருந்தது. வெளியே தெரிந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்ற பயத்தில் பெண்டாட்டி செல்வியிடம்கூட மூச்சு விடவில்லை. வீட்டில் "என்ன சொன்னே?" என்று நாளெல்லாம் கேட்டுத் திட்டு வாங்குகிறவர்களே, நீங்கள் நம்ம கட்சி. இப்படி வந்து உட்காருங்கள்.

போஸ்த் பேசல

பீச் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு மதாம் போன் பண்ணினார். பாதி ஆயுள் பாரிசில், மீதி இங்கே. "தம்பி, என் போஸ்த் பேச மாட்டேங்குது. வந்து பாக்கறியா?" என்றார். போஸ்ட்டா? கம்பம் எப்படிப் பேசும்? காது சுத்தமாகப் போச்சு என்று முடிவு கட்டி, "கம்பத்துக்கெல்லாம் கரண்ட் ஆபீஸ்ல சொல்லணும் மதாம்" என்றேன். "நீ முதல்ல நேர்ல வா" என்று போனை வைத்துவிட்டார்.

நேரில் போனால், மேசைமேல் மரப்பெட்டி போட்ட பழைய ரேடியோ. பிரெஞ்சில் ரேடியோவுக்குப் பேரே போஸ்த்தாம். உள்ளே ஒரு ஒயர் விட்டிருந்தது, பற்றவைத்தேன். என் காதில் விழுந்தது சரியான வார்த்தைதான் என்ற சந்தோஷத்தில், "காதுலதான் கோளாறோன்னு பயந்துட்டேன் மதாம்" என்று உளறிவிட்டேன். காபியை நீட்டிக்கொண்டே அவர் சொன்னார்: "உன் காதுக்கு ஒண்ணும் இல்ல தம்பி, உனக்கு பிரெஞ்சுதான் கேக்கல."

எங்க திருகறது?

காலாப்பட்டில் கடலைப் பார்த்து வீடு கட்டியிருக்கும் ஒரு புரொபசர், புது செட்டில் 'ஸ்ஸ்ஸ்' என்று ஏதோ சத்தம் வருவதாகக் கூப்பிட்டார். போய்க் காதை ஸ்பீக்கரோடு ஒட்டவைத்துக் கேட்டேன். ஒரு இழவும் கேட்கவில்லை. அதைச் சொல்ல முடியுமா? "ஆமா சார், லேசா வருது" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டேன். ஒயரை மாற்றினேன், எர்த்தைப் பார்த்தேன், ஆம்ப்ளிஃபயரை அடுத்த சுவருக்கு நகர்த்தினேன். "இன்னும் வருதே" என்றார் அவர் மனைவி. "குறைஞ்சிருக்கு மேடம்" என்றேன் நான், வாய் கூசாமல்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. செட்டில் உயிரே இல்லை. "இப்பவும் வருது" என்றார் அந்தம்மா. மூன்று பேரும் திரும்பி ஜன்னலைப் பார்த்தோம். வெளியே அலை அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. புரொபசர் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "சரிங்க, அதை எங்க திருகிக் குறைக்கிறது?"

பீப்

கடைசியில் செல்வியிடம் மாட்டிக்கொண்டது குக்கரால். பக்கத்திலேயே உட்கார்ந்து நான் பேப்பர் படிக்க, விசில் மேல் விசில் வந்து பருப்பு தீய்ந்தது. அன்றைக்கே காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து ஹெட்போன் மாட்டி, "பீப் கேட்டா இந்த பட்டனை அழுத்துங்க சார்" என்றது டெஸ்ட் எடுக்கிற பொண்ணு. ஹெட்போன் மட்டரகம். நம்ம கடையில் சேர்க்கவே மாட்டேன். ஆனால் இதில் தோற்றால் என் பிழைப்பே போச்சே! கேட்ட மாதிரி தோன்றும்போதெல்லாம் அழுத்தித் தள்ளினேன், கச்சேரி ரசிப்பவன் மாதிரி தலையை வேறு ஆட்டிக்கொண்டு. அந்தப் பொண்ணு கதவைத் திறந்து எட்டிப்பார்த்துச் சொன்னது: "சார், நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

ஹை-ஃபை

மெல்லிசான சத்தமெல்லாம் பாதிக்கு மேல் போய்விட்டது, மெஷின் வைத்தே ஆகவேண்டும் என்றார்கள். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. காது மெஷின் மாட்டியவனிடம் எவன் ஸ்பீக்கர் வாங்குவான்? மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும், என் கையால் டியூன் பண்ணிய என் சொந்த செட்டைப் போட்டேன். அய்யோ! பாடுகிற அம்மா 'ச' என்றால் காதைக் கிழிக்கிறது. தாளம், தகரத்தில் ஆணியால் கீறுவது போல் வருகிறது. பாய்ந்து போய்ப் பார்த்தால், மெல்லிசான சத்தத்தை ஏற்றுகிற ட்ரெபிள் குமிழ் கடைசி வரைக்கும் திருகியிருக்கிறது. எனக்குக் கேட்கிற அளவுக்கு நானேதான் ஏற்றிக்கொண்டே போயிருக்கிறேன். அப்போதுதான் உறைத்தது, விற்ற செட்டுகளையும் இதே காதை வைத்துத்தான் டியூன் பண்ணிக் கொடுத்திருக்கிறேன்.

"ஏம்மா, இது எவ்வளவு நாளா இப்படிக் கத்துது?" என்றேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த செல்வி நிமிரவே இல்லை. "நீங்க ஹை-ஃபைன்னீங்க, அது அப்படித்தான் இருக்கும்போலன்னு பொறுத்துக்கிட்டோம்."

இப்போது மெஷினும் காதுமாக, வாங்கினவர் வீடு வீடாகப் போய் ட்ரெபிளைக் குறைத்துக்கொண்டிருக்கிறேன். போகிற இடத்திலெல்லாம், இவ்வளவு நல்ல சத்தம் என்று அதுவரை பாராட்டிக்கொண்டிருந்தவர்கள்தான் முதலில் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள்.