பத்திநாதனின் ஏழு டின்

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் பத்திநாதன் கோட்டைக்கூடக் கழற்றாமல், பரணிலிருக்கும் பிஸ்கட் டின்களை ஒவ்வொன்றாக இறக்கிக் காதோரம் வைத்து ஆட்டுவார். சலசலவென்று கேட்டால் முகம் மலரும். "கேட்டியா? கல்லு மாதிரி காஞ்சிருக்கு." ஏழு டின்னுக்கும் வாரம் தவறாமல் இந்தக் காது வைத்தியம்தான். திறந்து மட்டும் பார்க்கமாட்டார். இலங்கை மலையகத்துக் கந்தப்பளைப் பனிக்காற்று உள்ளே புகுந்தால் எல்லாம் பூஞ்சணம் பிடித்துவிடுமாம். அதற்காகவே மூடியைச் சுற்றி மெழுகுதிரியை உருக்கி ஊற்றி வைத்திருப்பார்.

தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில் கொழுந்து காயவைக்கும் அடுப்பு அவர் பொறுப்பு. மூக்காலேயே பதம் சொல்லிவிடுவார் என்று டீமேக்கர் ஐயாவே புகழ்ந்திருக்கிறாராம்; இதையும் பத்திநாதன்தான் சொல்வார். அந்த வித்தையைத்தான் வீட்டில் கேரட்டுக்கும் போஞ்சிக்கும் முட்டைக்கோவாவுக்கும் காட்டுவார். ஒரே கனத்தில் அரிந்து, உப்புத் தண்ணீரில் ஒரு கொதி விட்டு, அடுப்புக்கு மேலே கட்டிய சாக்கில் பரப்பி இரண்டு நாள் வாட்டுவார். பிறகு தணல் சூட்டில் காயவிடுவார். மனைவி அந்தோனியம்மா அந்தச் சாக்குக்குக் கீழே குனிந்தபடியே சமைக்க வேண்டும்.

தோட்டத்து வீட்டு வரிசையான லயத்துக்குப் பின்னாலேயே வருஷம் பூராவும் காய் விளைகிறது, பறித்துத் தின்றால் என்ன என்று கேட்டுவிட்டால் போச்சு. "சண்டைக் காலத்துல பட்டினி கெடந்தது மறந்துபோச்சா? கெட்ட நாளு ஒண்ணு வரும். அன்னிக்கு இந்த லயமே எங்கிட்ட வந்து நிக்கும்!" நல்ல காயெல்லாம் டின்னுக்கு. முற்றலும் பூச்சி அரித்ததும் குழம்புக்கு.

மழை மாதங்களில் மட்டும் அந்தோனியம்மா கைக்கு எங்கிருந்தோ ருசி வந்துவிடும். "இதுல்லடி பச்சைக் காயி! டின்னுல போட்டது இப்பிடி இருக்குமா?" என்று சட்டியை வழிப்பார். அவள் இன்னொரு அகப்பை ஊற்றுவாள்.

ஐம்பத்தேழு டிசம்பரில் அந்தக் கெட்ட நாள் வந்தேவிட்டது. நுவரெலியா ரோட்டில் மண் சரிந்து லொறி வரவில்லை. காய்த்தோட்டத்தை வெள்ளம் அரித்துக்கொண்டு போய்விட்டது. ஐந்து நாளாக எல்லோருக்கும் ரொட்டியும் உப்பும்தான். பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் வேலாயி சட்டியோடு வந்தாள். அவள் பின்னால் லயமே சட்டியோடு நின்றது.

"அண்ணே, நீங்க சொன்ன நாளு வந்துருச்சு. தொறங்கண்ணே."

அடேயப்பா, அன்றைக்கு அவருக்கு வந்த பெருமையைப் பார்க்கவேண்டுமே! பன்னிரண்டு வருஷமாகக் காத்திருந்த நாளல்லவா? வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, டின்னை மடியில் வைத்து மெழுகைச் சுரண்டினார். "பத்திநாதன் காய வச்சா காய வச்சதுதான். பாத்துக்கங்க!"

மூடியைத் தூக்கி மூக்கை உள்ளே விட்டார். விட்ட மூக்கை எடுக்கவில்லை. கேரட்டும் இல்லை, போஞ்சியும் இல்லை. விறகுக்குப் பொறுக்கி வந்த தேயிலைக் குச்சிகள், சின்னச் சின்னதாக ஒடித்துப் போட்டுக் கிடந்தன.

அந்தோனியம்மா அவர் காதருகே குனிந்தாள். "ஏழுலயும் இதுதாங்க. காயெல்லாம் மழைக்கு மழை ஆக்கிப் போட்டுட்டு, குச்சிய அடைச்சுத் திரும்ப மெழுகு ஊத்தி வச்சேன். நீங்கதான் பச்சைக் காயின்னு வழிச்சு வழிச்சுத் தின்னீங்க."

வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

"என்னண்ணே, நல்லாருக்கா?" வேலாயி எட்டிப் பார்க்க வந்தாள்.

பத்திநாதன் பட்டென்று மூடியை அழுத்தினார். டின்னைத் தூக்கிக் காதோரம் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஆட்டினார். வெகுநேரம் ஆட்டினார்.

"இன்னும் காயலை, தாயி."